ஏறாத பஸ்ஸுக்கு ஒரு தேங்காய்

ஒரு வெள்ளிக்கிழமை, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை அம்மன் கோயிலின் அர்ச்சனை வரிசையில் எனக்கு முன்னால் அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பெரியவர்கள் நின்றார்கள். மூத்தவர் கையில் தேங்காய்த் தட்டு.

“என்னண்ணே விசேஷம்?”

“பஸ்ஸுல ஏறலை, அதுக்குத்தான்.”

“புரியலையே.”

“மாரத்தானுக்கு விடிகாலையில ஓடிப் பழகறேன்ல? பஸ்ஸைப் பிடிக்க ஓடறேன்னு நெனச்சு டிரைவர் தினமும் நிறுத்துறாரு. வேணாம்லான்னு கையாட்டிட்டு ஓடறேன்.”

“இந்த வயசுல ஜெயிச்சுடுவீங்களாக்கும்!”

“ஜெயிக்க யாரு ஓடறா? போன வருஷம் கால் விளங்காம கெடந்தப்ப, அதே பஸ்ஸுல ரெண்டு பேரு தூக்கில்ல ஏத்துனாங்க. இப்ப நின்ன பஸ்ஸையே போகச் சொல்றேன். ஆத்தாகிட்ட இதுக்கு மேல என்ன கேக்க?”

வரிசை நகர்ந்தது. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

“ரெண்டும் தெரியாது சாமி. தினமும் எனக்காக பஸ்ஸை நிறுத்துற டிரைவருக்குப் பண்ணுங்க.”