கசில்தாவின் பாதி வயல்

...ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல? திட்டலயே! அதான், ஒஃபெலியா, எனக்குப் பத்திக்கிட்டு வருது. உக்காருங்க, அந்த யூரியா மூட்டை மேலயே உக்காருங்க. இந்தத் தெருவுக்கு நீங்க புதுசு, எங்க வீட்டுக்காரர் எவாரிஸ்தோவை உங்களுக்குத் தெரியாது. பாக்கத்தான் பூனை, பிடிச்சா பிடிச்ச பிடிதான்.

இந்த யாக்கி ஆத்துச் சமவெளியில கோதுமைன்னா எப்படி? விதைக்கிறதுக்கு முன்னாடியே உரத்தைக் கொட்டணும், வாய்க்காலைத் தொறந்து விடணும். எங்கப்பாவும் அப்படித்தான், எல்லாரும் அப்படித்தான். போன வருஷம் வந்தா பாருங்க இவரு தங்கச்சி, ஃபிதென்சியா! அவ புருஷன் கடல்ல எறா பிடிக்கிறவன். "அண்ணே, நீங்க தண்ணி கட்டுனா உங்க உரமெல்லாம் எங்க கடலுக்கு வந்துருது. பாசி பூத்து நாறுது, வலையில எறாவே இல்ல"ன்னு ஒரே அழுகை. அழுதுக்கிட்டே நான் மக்காச்சோள மாவுல அவிச்ச தமாலேயை ஒரு சட்டி காலி பண்ணினா, அது வேற.

அன்னிக்குப் பிடிச்சது இவருக்குக் கிறுக்கு. விவசாயிங்க சங்கத்துலருந்து ஒரு கருவியைத் தூக்கிட்டு வந்துட்டாரு. இலை மேல வெளிச்சம் அடிச்சா, பயிருக்குப் பசிக்குதா இல்லையான்னு சொல்லுமாம்! டாக்டரு மாதிரி வரப்புல நடக்குறாரு. "கசில்தா, இன்னும் பசிக்கல, இப்பப் போட்டா கடலுக்குத்தான் போகும்." பயிரு வெளிறிப்போய் நிக்குது, ஊரே சிரிக்குது! நான் விடுவேனா? நெலத்துல பாதி எங்கப்பா குடுத்தது. என் பாதிக்கு நான் உரம் போட்டேன். வழக்கத்தைவிட ரெண்டு பங்கு!

ஐயோ, என்ன பச்சை தெரியுமா! அப்புறம் மார்ச்சுல காத்தடிச்சுது. பெரிய காத்துகூட இல்ல. என் பயிரு கொழுத்து ஒசரமா நின்னுச்சுல்ல... அப்படியே படுத்துருச்சு. பாய் விரிச்ச மாதிரி. அவருது? கருவி பசிக்குதுன்னு சொன்னப்ப மட்டும் கொஞ்சமா உரம் போட்ட பயிரு, அசையல. விளைச்சலும் கொறையல.

"நான்தான் அப்பவே சொன்னேனே"ன்னு கேட்டிருந்தா, நானும் நாலு வார்த்தை பேசி ஆத்தியிருப்பேன். கேக்கலயே! அறுவடை மிஷினை மொதல்ல என் பாதிக்கு அனுப்பினாரு. மிஷினுக்கு எட்டாத ஓரத்தையெல்லாம் குனிஞ்சு தானே கையால அறுத்தாரு. மூட்டுவலிக்காரர், ஒஃபெலியா! அதைப் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சாப்பிடுறது?

அன்னிக்குச் சிரிச்ச பயலுக எல்லாம் இப்ப அந்தக் கருவி கேட்டு வாசல்ல நிக்குறானுங்க. இந்த வருஷம் என் பாதியையும் அதுகிட்டயே விட்டுடலாம்னு இருக்கேன்... அவருகிட்ட சொல்லிடாதீங்க, தலைகால் புரியாது. ஏன் எழுந்துட்டீங்க? யாரைப் பாத்துத் தலையாட்டுறீங்க?

...யோவ் எவாரிஸ்தோ! எவ்வளவு நேரமா அங்க நிக்குற? ...என்னது? கருவியை எப்படிப் பிடிக்கணும்னு காட்டுறியா? இப்பவேவா? ...இரு, இரு, செருப்பைத் தேடுறேன். ஒஃபெலியா, அடுப்பைக் கொஞ்சம் பாத்துக்குங்க... ஒஃபெலியா? போயிட்டாங்களா!