‘வெற்று’ என்று நான் எழுதிய ஒலித்தட்டு

அவைத்தலைவர் அவர்களே! ஆலையின் கொதிகலன் வெடித்து ஆவியில் அவிந்த பதினெட்டுப் பேரைப் பெற்ற தாய்மார்களே! மூத்தோரே! தொழிற்சங்கத் தோழர்களே! கைகூப்பி வணங்குகிறேன். கைதட்ட வேண்டாம் ஐயா. நான் பேசி முடித்ததும் கல்லெடுக்கத் தோன்றும். கையைச் சேமித்து வையுங்கள்.

வெடித்ததில் இறந்தவர் பத்தொன்பது பேர். இந்த நினைவுக்கல்லில் இருப்பவை பதினெட்டுப் பெயர்கள். விடுபட்டவர் யார்? பாய்லர் மேஸ்திரி! கோளாறை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்றது விசாரணைக்குழு. கொலைகாரன் என்றது ஊர்.

ஆனால் வெடிப்பதற்கு முந்தின நாள் நான் வேலை பார்த்த வானொலி நிலையத்தார் அவரைப் பேட்டி எடுத்திருந்தார்கள். ஒன்றேகால் அடிக்குமேல் அகலமான ஒலித்தட்டு. வீட்டு கிராமபோனில் அடங்காது. பேட்டி எடுத்தவரின் வாய்ச்சொல் போதாது என்று, அதை ஓட்டிப் பார்த்து என்ன இருக்கிறதென எழுதச் சொன்னது விசாரணைக்குழு. எழுதியவன் யார்? இதோ நிற்கிறேனே, நான்தான்! விளிம்பில் முள்ளை வைத்தேன். வழுக்கி வெளியே விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. சாப்பாட்டு நேரம், நல்ல பசி. ‘வெற்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

போன மாதம் மேஸ்திரியின் மகள் அந்தத் தட்டோடு என் வீட்டு வாசலில் நின்றாள். நிலையத்தின் பழைய அறையைக் காலி செய்தபோது கேட்டு வாங்கினாளாம்.

“ஐயா, அப்பா போனப்ப நான் கைக்குழந்தை. ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்.”

தூசியைத் துடைத்தேன். நடுவிலே பென்சில் எழுத்து: ‘உள்ளிருந்து தொடங்குக.’ ஐயோ! சில தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடும். தொழில் தெரிந்த எனக்குத் தெரியாதா? தெரியும்! பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே முள்ளை வைத்தேன். மேஸ்திரி பேசினார்.

“வால்வு பிடிச்சுக்கிட்டு நிக்குது, ஆவி வெளிய போக மாட்டேங்குது சார். மேனேஜர்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். ஆர்டர் முடியட்டும்ங்கறாரு. பயமா இருக்கு சார்.” வீட்டில் யார் என்று கேட்கிறார்கள். “ஒரு பொண்ணு. இன்னிக்குத்தான் எழுந்து நின்னா.”

முள் கடந்த இடமெல்லாம் கருப்புப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தத் தட்டு இனி ஓடாது. மகள் செதில்களைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“எங்கம்மா உசுரோட இருந்தப்ப இதை உள்ளேருந்து வச்சிருக்கக் கூடாதாய்யா? கொலைகாரன் பொண்டாட்டின்னு கேட்டுக்கேட்டே செத்தாங்க.”

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு நாற்பத்தோரு ஆண்டுகள் சோறு தின்ற வாய் இது, இன்று இந்த மேடையில் திறக்கிறேன்.

என்ன அம்மா? உரக்கக் கேளுங்கள். “உன்னை மன்னிக்க முடியுமா” என்றா? வேண்டாம் தாயே, மன்னிக்காதீர்கள். நான் கேட்பது மன்னிப்பல்ல, ஓர் இடம். கல்லின் அடியில் மேஸ்திரியின் பெயருக்கு ஒரு வரி இடமிருக்கிறது. உளியோடு கல்தச்சர் கீழே காத்திருக்கிறார். தலைவரே, தலையசையுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. போன மாதம் தட்டு ஓடும்போதே டேப்பில் பதிந்துகொண்டேன், அதை ஒலிபெருக்கியில் போடப்போகிறேன். என் பேச்சு போதும். நான் வாயடைத்த மனிதர் இனிப் பேசட்டும். வணக்கம்.