‘இன்னொரு கை’ அண்ணனும் விளக்கைச் சுற்றிய வளையமும்

வெயில் தின்று வெளுத்த வண்டிகளுக்கு வண்ணம் மீட்ட வித்தகரே! தொட்டால் சுண்ணாம்பாய்க் கையில் ஒட்டும் பழைய பெயிண்டையும் முகம் பார்க்கும் கண்ணாடியாய் மாற்றிய மாயக் கையரே! முப்பத்தொரு ஆண்டுகளாக எங்கள் பொறுமையையும் சேர்த்தே தேய்த்த பெருந்தகையே! இன்று ஓய்வு பெறும் பாலிஷ் பிரிவின் தலைவராம் எங்கள் ‘இன்னொரு கை’ அண்ணனே, வணக்கம்!

இப்பெயர் தங்களுக்கு வாய்த்த கதையை இந்த ஒர்க்‌ஷாப்பே அறியும். பழைய வண்டியின் செத்த மேல்தோலை எடுத்து, சுழல் சுழலாய் விழுந்த கீறல்களைப் பாலிஷ் காம்பவுண்ட் தடவி மெஷினால் தேய்த்து, அப்பாடா என்று நாங்கள் நிமிரும் வேளையில், கைவிளக்கோடு வந்து குனிந்து, “இன்னொரு கை போடு” என்பீர்கள். போட்டோம். தரையில் விழுந்து மண் ஒட்டிய துணியை எடுத்து வண்டியைத் துடைத்தவன் பட்ட பாட்டை நாய்கூடப் பட்டிருக்காது. உரசிக் கோடு விழுமென்று பெல்ட்டைக் கழற்றச் சொன்னீர்கள், கடிகாரத்தைக் கழற்றச் சொன்னீர்கள், கல்யாணமாகி நாலே நாளான புதுமாப்பிள்ளையின் மோதிரத்தையும் விட்டுவைக்கவில்லை. அத்தனையும் நியாயமே என்று எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் கடந்த ஆறு மாதமாகத் தாங்கள் செய்தது அநியாயம், அண்ணே! எந்த வண்டியைக் காட்டினாலும் அதில் விழும் விளக்கொளியைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றீர்கள். தேய்த்தோம். இன்னும் வளையம் என்றீர்கள். மறுபடி தேய்த்தோம். தேய்த்துத் தேய்த்து, டீச்சரம்மாவின் கறுப்பு வண்டியில் பானெட் விளிம்புப் பெயிண்டே போய், அடியிலிருந்த பிரைமர் பூச்சு பல்லை இளித்தது. எங்கள் கைதான் கெட்டது என்று கூனிக் குறுகி நின்றோம். கழுவும் பிரிவு அக்காதான் பொறுக்கமாட்டாமல், வண்டியை விட்டு விலகி வந்து, விளக்கைத் தங்கள் முகத்துக்கு நேரே பிடித்து, “இப்ப வளையம் எங்க இருக்கு, சொல்லுங்க” என்று கேட்டார். நெடுநேரம் பார்த்துவிட்டு, “விளக்கைச் சுத்தியே இருக்கு” என்றீர்கள். வண்டியில் குறையில்லை, கண்ணில் புரை விழுந்திருக்கிறது.

ஆறு மாதம் வீணாய்த் தேய்த்த கோபம் அத்தோடு ஆறிவிட்டது. கண் ஆபரேஷனுக்கு நாள் வாங்கிக்கொண்டு ஓடிவந்த தங்கள் மகளிடம் தாங்கள் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை.

“வேலைதான் முடிஞ்சுபோச்சே. இனிமே எதுக்கும்மா கண்ணு?”

பெற்ற பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது! கண் என்ன கடைச் சாவியா, போகிற அன்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போக? அந்தப் பெண் வாய் திறக்காமல் அழுதாள். தாங்கள் இரண்டடி தள்ளித்தான் நின்றீர்கள். அவள் அழுதது தங்களுக்குத் தெரியவில்லை.

ஆதலால் மூத்தவரை மீறும் எங்கள் பிழையைப் பொறுத்தருள்க. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போக, நம் ஒர்க்‌ஷாப் வண்டி தங்கள் வாசலில் நிற்கும். வரமாட்டேன் என்றால் அலாக்காகத் தூக்கிக்கொண்டு போவதாக நான்கு பேர் சொல்லியிருக்கிறார்கள். நசுங்கிய தகரத்தை நிமிர்த்தும் டிங்கரும் அதில் ஒருவர். அவர் பலம் தாங்கள் அறியாததன்று.

நோய்நொடி அண்டாமல், நூறாண்டு கடந்து, பேரப்பிள்ளைகள் சூழப் பெருவாழ்வு வாழ்க! இம்மடலைப் பெயர்ப்பலகை எழுதுபவரைக் கொண்டு பெரிய பெரிய எழுத்தில் எழுத வைத்தோம். அப்படியும் தங்களால் படிக்க முடியாதென்று தெரிந்துதான் அக்கா இப்போது உரக்கப் படிக்கிறார். சட்டம் போட்டுத் தருகிறோம். வீட்டில் மாட்டி வையுங்கள். அடுத்த முறை தாங்களே படித்துக்கொள்ள வேண்டியது. நாங்கள் யாரும் வந்து படித்துக் காட்டமாட்டோம்.

தேய்த்துத் தேய்த்துத் தோள் கழன்ற தங்கள் அன்புத் தம்பிமார், தங்கைமார்,
பாலிஷ், டிங்கரிங், கழுவும் பிரிவினர்