சத்தம் வராத கிண்ணம்

மணிவிழாப் பந்திக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்காம். அதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்... ராமென் கதை.

சிதம்பரத்துக்காரர், மாசிலாமணி. மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ஓய்வு பெற்றவர். ரசத்தை உள்ளங்கையில வாங்கி 'சர்ர்ர்'னு உறிஞ்சினா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அப்படி ரசிச்சுச் சாப்பிடுற மனுஷன்.

மகன் கதிரேசனுக்கு வேலை கிடைச்சதும் சென்னையில பெரிய ஓட்டல்ல ஒரு விருந்து. அப்பாவையும் கூட்டிட்டுப் போனான். சூப்பு வந்தது. இவர் வழக்கம்போல உறிஞ்சினார். மகன் காதோரம் குனிஞ்சான். "அப்பா, சத்தம் வேண்டாம்... எல்லாரும் பாக்குறாங்க."

சொன்னவன் அன்னைக்கே மறந்துட்டான். கேட்டவர்... மறப்பாரா?

அதுக்கப்புறம் அவர் மகனோட உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. "நீ சாப்பிடுப்பா, எனக்கு இப்பப் பசியில்லை." அப்புறமா சமையலறையில தனியா நின்னுக்கிட்டுச் சாப்பிடுவார்.

மகனை வேலையில ஜப்பானுக்கு மாத்தினாங்க. அம்மாவும் தவறிட்டதால, அப்பாவை ஒசாகாவுக்கு வரவழைச்சான். அங்கேயும் அதே பாட்டு... "பசியில்லைப்பா." என்ன கோபம்னே தெரியாம மகன் தவிச்சுப் போனான்.

ஒருநாள் வெளியில போன இடத்துல கொட்டுது மழை. ஒதுங்கின இடம் ஒரு ராமென் கடை. ராமென்னா என்ன? எலும்பு கொதிக்க வெச்ச சூப்பு, அதுல நூடுல்ஸ், மேல இறைச்சித் துண்டு, அவிச்ச முட்டை. ஆவி பறக்குது. உட்கார்ந்தாச்சு, தப்பிக்க வழியில்லை.

கடை பூரா 'சர்ர்ர்... சர்ர்ர்...' கோட்டு போட்டவரும் உறிஞ்சுறார், காலேஜ் பொண்ணும் உறிஞ்சுறா. நம்ம ஆள் மட்டும் கரண்டியில ஊதி ஊதி, பூனை மாதிரி...

கடைக்கார அம்மா பார்த்துட்டு வந்து மெதுவா ஏதோ கேட்டாங்க.

"என்னடா சொல்றாங்க?"

"உங்களுக்குப் பிடிக்கலையான்னு கேக்குறாங்கப்பா. சத்தமே வரலையாம். நீங்க... சத்தம் போட்டே சாப்பிடலாம்பா."

மாசிலாமணி கிண்ணத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னார், "நீதானப்பா அன்னைக்கு வேண்டாம்னே?"

கதிரேசனுக்கு இப்பத்தான் எல்லாம் விளங்குச்சு. கிண்ணத்தைத் தூக்கினான். பலமா ஓர் உறிஞ்சல்! பாதி வாயில, பாதி சட்டையில... புரையேறிடுச்சு.

தலையில தட்டினார் அப்பா. "அட மடையா, உறிஞ்சக்கூடத் தெரியல. இங்க பாரு!" 'சர்ர்ர்...'னு ஓர் இழுப்பு. கண்ணை மூடி ரசிச்சார். "அடேயப்பா... ஆட்டுக்கால் சூப்புக்குப் பெரியண்ணன்டா இது! இன்னொரு கிண்ணம் சொல்லு."

ஊர் திரும்புற வரைக்கும் தினமும் சாயங்காலம் செருப்பை மாட்டிட்டு நிப்பாராம், "ராமென் கடைக்குப் போலாமா?"ன்னு.

ஏன் சொல்றேன்? ஊர் மெச்சணும்னு நாம யார் வாயையாவது அடைச்சிருப்போம். பேச்சைச் சொல்லி, சிரிப்பைச் சொல்லி, உடுத்தின வேட்டியைச் சொல்லி. நமக்கு ஞாபகம்கூட இருக்காது. அவங்க மட்டும் நம்மகிட்ட இருந்து ஒரு இலை தள்ளித் தள்ளி உட்காருவாங்க. மன்னிப்புக் கேட்கக் கூச்சமா இருக்கா? கதிரேசனும் கேட்கலையே! பக்கத்துல உட்கார்ந்து சட்டையில ஊத்திக்கிட்டான்... அது போதுமா இருந்தது.

அதோ, இலை போட்டுட்டாங்க. மணிவிழா காணுற நம்ம அய்யாவுக்குப் பக்கத்துல அவர் பிள்ளைங்க உட்காரட்டும். ரசம் வரும்போது... யாரும் திரும்பிப் பார்க்காதீங்க.