புதுப்பானை நல்லெண்ணெய்

“பானை ஏன் வேர்க்குதுன்னு படிக்கத்தான் பள்ளிக்கூடம் போறியாக்கும்?” என்று என் சித்தப்பா ஒருநாள் கேட்டார். நாகலாபுரத்திலிருந்து கோவில்பட்டிக்கு வந்த பஸ்ஸில் அது நினைவுக்கு வந்தது. முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் மடியில், அவர்கள் மகளின் மாமியார் வீட்டுக்குச் சீராகப் போகும் நல்லெண்ணெய், புது மண்பானையில்.

“ஏட்டி, பானை வேர்க்குது!”

“வேர்வையில்ல, எண்ணெய்! பழைய பானையில ஊத்தச் சொன்னேம்லா? அதுல எண்ணெய் ஊறி ஊறித் துளையெல்லாம் அடைஞ்சிருக்கும்.”

“சம்பந்தி வீட்டுக்குக் கருத்த பானையா? நல்லா வேர்க்கிற பானையாப் பாத்துல்லா வாங்குனேன்.”

“அது தண்ணிக்கு!”

“வாயத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கேன். பொறவு எப்படி வரும்?”

“வாய் வழியாவா வருது? வேட்டியப் பாருங்க.”

அவர் வேட்டி முனையால் பானையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வேட்டி எண்ணெயைக் குடித்தது.

“இப்பம் அவியளுக்கு என்னத்தக் குடுக்க?”

“நீங்க போயி வாசல்ல நில்லுங்க. சம்பந்தியம்மா வேட்டியப் பிழிஞ்சு எடுத்துக்கிடட்டும்.”

கோவில்பட்டியில் இறங்கித் திருநெல்வேலி ரயிலில் ஏறினேன். அங்கே கல்லூரியில் பௌதிகப் பிரிவில் சேர்ந்தாயிற்று. பானை ஏன் வேர்க்கிறது என்று படிக்கத்தான், சித்தப்பா.