தன்யா திருமண நேரலையின் இரைச்சல்

நண்பகல் உணவுக்கு முன் இரத்த அழுத்த மாத்திரை ஒன்றை நான் விழுங்கவேண்டும். மறதி அதிகம் என்பதால், நினைவூட்டும் பொறுப்பை மனைவி மீனாட்சியம்மாளிடம் ஒப்படைத்திருக்கிறேன். நான் வெளியே சென்றால் ஒருமுறை கைப்பேசியில் அழைப்பாள். சென்ற ஞாயிறன்று மட்டும், பதினொன்றரை மணி முதல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கும்படியும், நான் எடுக்காவிட்டாலும் நிறுத்தவேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன்.

ஜெயசிங், நீ என்னிடம் மூன்றாண்டு தமிழ் படித்தவன். நீ கேட்டபின் மறைப்பது முறையன்று.

உன் அக்காள் மகள் தன்யாவின் திருமணத்திற்கு வர, அவள் தந்தை கிருஷ்ணமணிக்குச் சவூதியின் தம்மாமில் விடுப்புக் கிடைக்கவில்லை. வேலைக்கு நடுவே அரைமணி நேர இடைவேளையில் நாகர்கோவில் மண்டபத்து மேடையை அவர் நேரலையில் காண்பார். மணமக்களைப் பாடும் வாழ்த்துமடலை வாசித்து முடித்ததும், மகள் ஒலிவாங்கியில் அவரிடம் இரண்டு வார்த்தை பேசுவாள். இதுவே ஏற்பாடு. இதில் குறையில்லை. மடல் வாசிக்கப் பொன்னுலிங்கத்தை அழைத்ததுதான் குறை. நம் ஊர்த் திருமணங்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மடல் எழுதி, அச்சிட்டு, வாசித்து வருபவன் நான். அவரோ கணக்காசிரியர். அவருடைய மடலில் ஒருமையும் பன்மையும் ஒரே வரியில் குடித்தனம் நடத்தின. அது கடல் கடந்து போவதைத் தடுப்பது என் கடமை என்று கருதினேன்.

கைப்பேசிக்கு அழைப்பு வரும் தறுவாயில் அருகிலுள்ள ஒலிபெருக்கி கரகரக்கும் என்பதை ஓய்வூதியர் கூட்டமொன்றில் அறிந்திருந்தேன். ஆகவே என் கைப்பேசியின் மணியை அடக்கி, மைக் ஒயர்கள் வந்துசேரும் பெட்டியின் துணிக்கு அடியில் வைத்தேன்.

பொன்னுலிங்கம் வாயைத் திறந்தார். பெட்டியும் கரகரவென்று தன் வாயைத் திறந்தது. உடனே கிருஷ்ணமணி உன்னை அழைத்தார். “மக்கா, ஒண்ணும் கேக்கல்ல, ஒரே இரைச்சலாக்கும். எனக்க மோளு பேசுததுக்கு முன்னே சரியாக்குங்கடே” என்று அவர் கூறியது எனக்கே கேட்டது.

ஒலி அமைப்பாளன் பிரதீஷ் கலங்கிவிட்டான். “சாரே, ஒயரெல்லாம் மாத்தியாச்சு. இனி எனக்க தலையத்தான் மாத்தணும்” என்றான். அவனுக்குப் பொறுமையாக வழிகாட்டினேன். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். நானூறு பேர் வியர்த்தார்கள். சமையற்கட்டில் தேங்காய் அரைத்த கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன்; அவியல் தாமதமானது அதனால்தான். இறுதியாக, மணமகளின் பாட்டனார் ஆறுமுகப்பெருமாளுடைய காதுக்கருவியின்மேல் ஐயம் தெரிவித்தேன். கழற்றி வாங்கியவன் நீதான். அதன்பின் அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி அமர்ந்திருந்தார்.

பொன்னுலிங்கம் மூன்றாம் முறை தொடங்கி, மூன்றாம் முறையும் நிறுத்தினார். “லேய் பிரதீஷ், உனக்க மைக்குக்கு எனக்க தொண்டைய மட்டும்தான் பிடிக்கல்லியா?” என்று கேட்டுவிட்டு இறங்கினார். அப்போது மணி பதினொன்று நாற்பத்தெட்டு. இடைவேளை முடியப் பன்னிரண்டு நிமிடம் மீதி இருந்தது.

கைப்பேசியை எடுத்து, அணைத்து, பையில் போட்டேன். இரைச்சல் நின்றது. பிரதீஷ் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். தன்யா ஒலிவாங்கிக்காகக் கையை நீட்டினாள். அது என் கையில் இருந்தது.

மடல் வாசிக்கப்படாமல் மணமகள் பேசுவது நம் ஊர் வழக்கமன்று. நல்வாய்ப்பாக, நான் எழுதிய மடலொன்று என் சட்டைப்பையில் இருந்தது. இருபத்துநான்கு விருத்தங்கள். “சாரே, பிள்ள பேச காத்து நிக்கா. கொஞ்சம் சுருக்குங்க” என்று நீ என் காதில் இரண்டு முறை சொன்னாய். விருத்தத்தைச் சுருக்க இயலாது.

பன்னிரண்டு மணிக்குக் கிருஷ்ணமணி வேலைக்குத் திரும்பிவிட்டார். தன்யா பேசவில்லை. அழுதாள் என்கிறார்கள், தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்ததால் நான் கவனிக்கவில்லை.

ஆம், நானே செய்தேன். வருத்தமில்லையா என்று கேட்கிறாய். பிரதீஷிடம் விசாரித்துவிட்டேன்: தம்மாமில் இணைப்பு அறுந்தது என் பதினாறாம் விருத்தத்தில். மகளின் குரலுக்காகக் காத்திருந்த ஒரு தந்தை, என்னுடைய பதினைந்து விருத்தங்களை இடையில் எழுந்து போகாமல் கேட்டிருக்கிறார் என்றால், அவருக்குத் தமிழ்ச்சுவை எவ்வளவு இருக்கவேண்டும் என்று எண்ணிப்பார்.