சிபாரிசுக் கடிதமும் ஒரு கட்டு வேரும்

வைசாலே: லேப்டாப்புல இன்னும் அதே அப்ளிகேஷன் பக்கம்தானா? காலையில நான் கிளம்பும்போதும் இதே பக்கம், இதே மூஞ்சி.

அரியேதா: மாமா, பேசாம போய்ப் படுங்க. எனக்குக் கண்ணெல்லாம் எரியுது.

வைசாலே: எங்க படுக்கிறது? முட்டி ரெண்டும் மடங்க மாட்டேங்குது. நௌசோரி பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன். ஒரு பஸ்ஸுல முன்னூறு பேரு. என் மடியில ஒரு பன்னி வேற.

அரியேதா: நின்னுக்கிட்டு வந்தவருக்கு மடி ஏது?

வைசாலே: அதைப் பன்னிகிட்ட கேளு. நீ சொல்லு, இன்னும் என்ன மிச்சம்?

அரியேதா: மார்க் எல்லாம் ஏத்தியாச்சு. 'இந்தக் கோடைகால பயோடெக் ஆராய்ச்சியில ஏன் சேர விரும்புறீங்க'ன்னு ஐந்நூறு வார்த்தை... மூணு வாரமா எழுதி எழுதி அழிச்சு, அதுவும் முடிஞ்சுது.

வைசாலே: நான் சொன்னதைச் சேர்த்தியா?

அரியேதா: எதை? நம்ம ஊர்ச் சேப்பங்கிழங்கு ஒண்ணைத் தூக்க ஆறு ஆம்பளைங்க வேணும்னா?

வைசாலே: எட்டு. ஆறு பேரு தூக்கினது பிஞ்சு.

அரியேதா: அதெல்லாம் எழுத முடியாது மாமா. இது பாட்டிலுக்குள்ள நோயில்லாத கிழங்குக் கன்னு வளர்க்கிற வேலை. குருத்துலேர்ந்து கடுகளவு வெட்டி எடுத்து, அதை... ப்ச். எட்டு வாரம். பத்துப் பேரைத்தான் எடுப்பாங்க.

வைசாலே: அதுல ஒண்ணு நீ. ஒன்பது பேரை அவங்க தேடிக்கட்டும்.

அரியேதா: சிபாரிசுக் கடிதம் வரணும் மாமா. பாடம் நடத்துற டீச்சரே நேரா அனுப்பணும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வரலேன்னா மத்ததெல்லாம் குப்பை. இப்பவே மூணு ஆச்சு.

வைசாலே: டாக்டர் உனைசி இன்னும் பதில் போடலையா?

அரியேதா: ...இல்ல.

வைசாலே: எத்தனை தடவை கேட்ட?

அரியேதா: நாலு தடவை மெயில் அனுப்பினேன். அதான் சொன்னேன்ல.

வைசாலே: சொன்ன, சொன்ன. நீ உங்கம்மாகிட்ட சொன்ன. என் தங்கச்சி வாய் சும்மா இருக்குமா? மாதர் சங்கத்துல சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை சர்ச்சு முழுக்க அந்தம்மாவுக்காக ஜெபம். 'ஆண்டவரே, அந்தக் கல்நெஞ்சைக் கரையும்'னு பாதிரியார் முக்கால் மணி நேரம் கதறினார். கூரைத் தகரம் நாலு கழண்டுடுச்சு.

அரியேதா: ஐயோ... பேரைச் சொன்னாங்களா?

வைசாலே: பேரு, டிபார்ட்மென்ட், ரூம் நம்பர்.

அரியேதா: மாமா!

வைசாலே: ஆண்டவர் ரூம் மாறிப் போயிடக் கூடாதுல்ல. அதனாலதான் நானும் காலையில...

அரியேதா: காலையில? ஆமா, செவ்வாய்க்கிழமை அதுவுமா எதுக்கு சர்ச்சுக்குப் போடுற சட்டை? எங்க போனீங்க?

வைசாலே: சும்மா. முட்டிக்கு மருந்து வாங்க...

அரியேதா: மாமா.

வைசாலே: சூவா பக்கம்.

அரியேதா: சூவால எங்க?

வைசாலே: மரமெல்லாம் நிறைய இருக்கும். பசங்க பையை மாட்டிக்கிட்டு...

அரியேதா: என் யுனிவர்சிட்டிக்கா! வெறுங்கையோடதானே போனீங்க? சொல்லுங்க, வெறுங்கைதானே?

வைசாலே: வெறுங்கையோட போக நான் என்ன முறை தெரியாதவனா? ஒரு கட்டு யங்கோனா வேர் எடுத்துட்டுப் போனேன். நல்ல முத்தின வேர், இடிச்சுக் கரைச்சா ஒரு ஊரே குடிக்கலாம்.

அரியேதா: போச்சு. லஞ்சம்னு நினைப்பாங்க மாமா. பேரையே அடிச்சுடுவாங்க.

வைசாலே: லஞ்சமா? தங்கச்சி பொண்ணுக்காகத் தாய்மாமன் வேரை வெச்சுக் கேக்கிறதுக்குப் பேரு லஞ்சமா? கடலுக்குள்ளேர்ந்து இந்தத் தீவு எட்டிப் பார்த்த அன்னிக்கே, முதல் ஆளா ஒரு தாய்மாமன்தான் வேரோட நின்னுக்கிட்டிருந்தான்.

அரியேதா: அவங்க என்ன செஞ்சாங்க?

வைசாலே: கிளாஸ் முடிஞ்சு வர்றவரைக்கும் வராந்தாவுல சம்மணம் போட்டு உக்கார்ந்திருந்தேன். மூணு மணி நேரம். ஒருத்தி என்னைக் கண்காட்சின்னு நினைச்சு போட்டோ எடுத்தா. நானும் பல்லைக் காட்டினேன்.

அரியேதா: சிரிப்பு வரல மாமா.

வைசாலே: எனக்கும் முட்டி நிமிரல. அப்புறம் வந்தாங்க. பார்த்ததும் வெள்ளைக் கோட்டோட அப்படியே எதிர்ல தரையில உக்கார்ந்துட்டாங்க. கோரோ தீவுக்காரங்களாம். முறை தெரிஞ்சவங்க.

அரியேதா: தொட்டாங்களா?

வைசாலே: எதை?

அரியேதா: வேரை! தொட்டு எடுத்தா கேட்டதுக்கு ஒத்துக்கிட்டதா அர்த்தம். தொட்டாங்களா, இல்லையா?

வைசாலே: முதல் தடவை தொடல. கடிதம்னு நான் வாயைத் திறந்ததுமே கையைப் பின்னால கட்டிக்கிட்டாங்க. 'பெரியவரே, இந்த விஷயத்துக்கு இதை நான் வாங்கக் கூடாது'ன்னாங்க.

அரியேதா: அவ்வளவுதான். முடிஞ்சுது.

வைசாலே: அப்புறம் ரெண்டாவது தடவை வெச்சேன்.

அரியேதா: ரெண்டாவது தடவையா?

வைசாலே: அது வேற விஷயத்துக்கு. அப்ப எடுத்துக்கிட்டாங்க. ஏத்துக்கிட்ட முறைக்குக் கையும் தட்டினாங்க. துறைமுகத்துல கப்பல்காரன் திரும்பிப் பார்த்திருப்பான்.

அரியேதா: வேற என்ன விஷயம்?

வைசாலே: அதை விடு. டீ போடவா?

அரியேதா: மாமா... அந்த நாலு மெயிலைப் பத்தி ஏதாவது பேசினீங்களா?

வைசாலே: ஏன், பேசக் கூடாதா?

அரியேதா: பேசினீங்களா, இல்லையா?

வைசாலே: 'நாலு தடவை கேட்ட பிள்ளைக்கு ஒரு வரி எழுதக் கூடாதா'ன்னு... லேசா. ரொம்ப லேசா. கீழ் மாடிக்குக் கேட்டிருந்தாலும் கேட்டிருக்கும். என்ன, முகம் ஒரு மாதிரி போவுது?

அரியேதா: நான் அனுப்பல மாமா.

வைசாலே: எதை?

அரியேதா: ஒண்ணுகூட அனுப்பல. நாலு எழுதினேன். நாலும் அனுப்பாம இதுக்குள்ளயே கிடக்கு.

வைசாலே: ஏன் தாயி?

அரியேதா: ஜூலையில டாக்டர் உனைசி லேப்ல நூத்திருபது பாட்டில்ல பூஞ்சை பிடிச்சுதுன்னு வீட்டுல சொன்னேனே... யாரோ ஒரு பொண்ணு கத்தியைத் தீயில காட்டாம வெட்டிட்டான்னு. அந்தப் பொண்ணு நான்தான். அவங்களோட ஒரு வருஷ வேலை மாமா. ஒரு வார்த்தை திட்டல. எல்லாத்தையும் கொதிக்க வெச்சுக் கொட்டினாங்க, அவ்வளவுதான். அவங்ககிட்டயே போய், 'நான் நல்லா வேலை செய்வேன்னு எழுதிக் குடுங்க'ன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கிறது? வீட்டுல தினம் 'கேட்டியா, கேட்டியா'ன்னு... கேட்டேன், பதில் வரலேன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல ஒரு பொய், அதுக்கு மேல இன்னொண்ணு... அலுத்துப் போச்சு மாமா.

வைசாலே: அனுப்பலேன்னு எனக்குப் பன்னெண்டு மணியிலேர்ந்தே தெரியும். நான் கத்தினதும் அந்தம்மா கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க, உன் பேருல ஒரு வரி இல்ல. அப்புறம்தான் ரெண்டாவது தடவை வேரை வெச்சேன்... 'செய்யாத தப்புக்கு ஒரு சர்ச்சே உங்களைக் கல்நெஞ்சுக்காரின்னு சொல்லிடுச்சு, எங்க வீட்டை மன்னிக்கணும்'னு. மன்னிப்புக்கு வெச்ச வேரை மறுக்கல, எடுத்துக்கிட்டாங்க. பூஞ்சையைப் பத்தி ஒரு பேச்சு இல்ல, அதை இப்பதான் நீ சொல்லிக் கேக்கிறேன். கிளம்பும்போது என்னைக் கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: 'ஆராய்ச்சி அறிவிப்பு வந்ததுமே உங்க பொண்ணுக்குக் கடிதம் எழுதி வெச்சுட்டேன், மூணு வாரம் ஆச்சு, வந்து கேக்கத்தான் ஆளைக் காணோம்.'